முதல்வருக்கு மேலே ஒரு பதவி

சார், அந்தப் பேப்பரை மடிக்காதீர்கள். படித்து முடித்திருந்தாலும் பரவாயில்லை, சும்மா விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். வெள்ளூரணி வரும்வரை கை வலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அதுதான், ஆனால் அதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே நான் இறங்கிவிடுவேன்.

கடன்காரனுக்குப் பயந்து ஒளிகிறேன் என்று நினைக்காதீர்கள். போலீசுக்கும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், நரைத்த கொண்டை, மடியில் துணிப்பை. அவர்தான். பார்த்தாயிற்றா? போதும், மறுபடி பார்க்காதீர்கள். திருமங்கலத்தில் ஏறினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம்தான் வாரைச் சரிசெய்ய முடியும்?

யார் என்று தெரியவில்லையா? நீங்கள் கோவில்பட்டியா? இல்லை, வேலையாகப் போகிறீர்களா. சரி. மரகதவல்லி. உணவுத்துறை அமைச்சராக இருந்தாரே. போன ஜனாதிபதி தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர். ஆமாம் சார், அவரேதான். பாருங்கள், நீங்களும் முகத்தை இப்படித்தான் வைக்கிறீர்கள். 'அந்த அம்மாவா, பஸ்ஸிலா' என்று. எல்லாரும் இப்படித்தான் வைக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. நாட்டின் முதல் நாற்காலிக்கு நின்றவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா? ஒரு கார் வைத்துக்கொள்ளக் கூடாதா? அவருக்காக இல்லாவிட்டாலும், பார்க்கிற எங்களுக்காகவாவது?

நான் சீனிராஜ். அவர் இருந்த கட்சியில் மாவட்டத் துணைச் செயலாளர். மாவட்டச் செயலாளர் இல்லை, துணை. துணையிலும் எங்கள் மாவட்டத்தில் மூன்று பேர். மதுரையில் இன்று உள்ளாட்சித் தேர்தல் ஆலோசனைக் கூட்டம். பின்வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அக்காவை எனக்கு அவர் சாத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த காலத்திலிருந்து தெரியும். என்னைவிட இரண்டு வயது சின்னவர். இருந்தாலும் அக்காதான். கட்சியில் அப்படி. நான் அப்போது மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வண்டியை ஒரு வழக்கில் சேர்த்துப் பிடித்து வைத்துவிட்டார்கள். மழையில் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அக்காதான் அலைந்து மீட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள். அவர் முதல்முறை எம்.எல்.ஏ.வுக்கு நின்றபோது அந்த வண்டியில்தான் மைக் கட்டினோம். அவர் ஜெயித்தார், நான் ஒன்றியச் செயலாளர் ஆனேன். அடுத்தமுறை ஜெயித்ததும் அமைச்சர்.

அமைச்சரானதும் என்ன செய்தார் தெரியுமா? மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக் கூட்டம் போடுவார்கள். மதியம் அதிகாரிகளுக்குப் பிரியாணி வரும், அது வழக்கம். அக்கா பிரியாணியை நிறுத்தினார். அந்த ஊர் ரேஷன் கடையில் அன்று காலையில் போட்ட அரிசியை வாங்கிவரச் சொல்லி, அதையே வடித்து, கலெக்டரிலிருந்து கிளார்க் வரைக்கும் இலையில் போடச் சொன்னார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். வடக்கே ஒரு ஊரில் ஒரு பெரிய அதிகாரி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், பக்கத்தில் அமைச்சர் உட்கார்ந்திருக்கிறாரே என்று விழித்துக்கொண்டிருந்த படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அப்புறம் கடைகளில் அரிசி வெள்ளையாகிவிட்டது. நாற்றமும் போய்விட்டது.

அந்தப் படத்துக்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். 'தலைவருக்கு அப்புறம் இந்த அம்மாதான்.' டீக்கடையில் பேசினார்கள், டிவியில் பேசினார்கள். சேலத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பெண்கள் வேன் பிடித்து வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு சார். இந்தப் பேச்சைப் பேசுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவருக்குத்தான் ஆகும்.

விருதுநகரில் ஒரு மடையன் 'வருங்கால முதல்வரே' என்று அக்கா படம் போட்டுப் போஸ்டர் ஒட்டிவிட்டான். தலைவர் உயிரோடு இருக்கிறார், முதல்வராக இருக்கிறார், தினமும் நடைப்பயிற்சி போகிறார். அப்போது இன்னொருவரை வருங்கால முதல்வர் என்றால் என்ன அர்த்தம்? ஒட்டிய பசை காயும் முன்னே கிழித்தார்கள். அவனைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அக்கா சென்னையில் தலைவர் வீட்டு வரவேற்பறையில் அரை நாள் காத்திருந்து, தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்.

"என் பேர்ல இனிமே ஒரு துண்டுப் பேப்பர்கூட ஒட்டக் கூடாது. யாராவது ஒட்டுனா எனக்கு வேண்டாதவன்னு நெனச்சுக்குவேன்."

சரி என்றோம். ஆனால் அக்காவின் பிறந்தநாள் வருகிறதே? நீங்களே சொல்லுங்கள். தலைவரின் பிறந்தநாளுக்கோ அமைச்சரின் பிறந்தநாளுக்கோ போஸ்டர் ஒட்டாத கட்சிக்காரன் உயிரோடு இருக்கிறான் என்று யார் நம்புவார்கள்? பக்கத்து ஒன்றியத்துக்காரன் ஒட்டிவிட்டால்? நான் மட்டும் சும்மா இருந்தால், 'சீனிராஜுக்கும் அந்தம்மாவுக்கும் ஏதோ மனக்கசப்பாம்' என்றல்லவா பேசுவார்கள்?

சிவகாசியில் எனக்குத் தெரிந்த அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வடிவமைக்கிறவர் பாக்கியநாதன். அக்கா படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, பட்டம் என்ன போடட்டும்?"

"நீங்க சொல்லுங்க."

"சிங்கப்பெண்?"

"அது போன வருசம் ஒரு கவுன்சிலருக்கே போட்டாச்சு."

"அன்னலட்சுமி?"

"மெஸ் பேரு மாதிரி இருக்குய்யா."

மேலே மாட்டியிருந்த டிவியில் ஜனாதிபதி தேர்தல் வரப்போகிறது, யார் நிற்பார்கள் என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உதித்தது. முதல்வர் என்று போட்டால் தலைவருக்குக் கோபம். பிரதமர் என்று போட்டால் டெல்லிக் கூட்டணிக்காரர்களுக்குக் கோபம். ஜனாதிபதி என்றால்? அந்த நாற்காலி எங்கள் கட்சியில் யார் கனவிலும் இல்லை. யாருடைய வழியிலும் குறுக்கே நிற்காது. முதல்வருக்கும் மேலே, பிரதமருக்கும் மேலே. யாரும் வாயைத் திறக்க முடியாது. 'நாளைய குடியரசுத் தலைவரே!' என்று போடச் சொன்னேன். பாக்கியநாதன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க மூளைக்கு நீங்க டெல்லியில இருக்க வேண்டிய ஆளு" என்றார். பின்னால் ஜனாதிபதி மாளிகை, முன்னால் குதிரை பூட்டிய வண்டி, வண்டியில் அக்கா கையசைக்கிறார், இரண்டு பக்கமும் சிவப்புச் சட்டைக் குதிரை வீரர்கள். கீழே மூலையில் நான், கும்பிட்டபடி.

அக்கா பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். எதிர்பாராமல் வந்தது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போன். "அமைப்புச் செயலாளர் உங்களை வரச் சொல்றார்."

அமைப்புச் செயலாளர் தெய்வநாயகம். தலைவருடைய நிழல் என்று சொல்வார்கள். விருதுநகர்க்காரன் நிலைமைதான் நமக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டில் ஜெயக்கொடியிடம், அவள் என் மனைவி, ஒருவேளை கட்சியை விட்டே போகும்படி ஆகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "போனா போகட்டும், லாரி ஓட்டலாம்" என்றாள். அவளுக்கு அரசியல் தெரியாது.

தெய்வநாயகம் உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா? வீட்ல நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். நான் காபியைத் தட்டில் சிந்திவிட்டேன்.

"தலைவர் போஸ்டரைப் பார்த்தார்" என்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்யா."

"ஏன் பதறுறீங்க? சிரிச்சார். 'தொண்டன் மனசுல இருக்கிறதுதான போஸ்டர்ல வரும், நமக்கு இது தோணலியே'ன்னார்."

அப்புறம் விளக்கினார். டெல்லியில் எதிர்க்கட்சிகள் ஒரு வேட்பாளரைத் தேடுகின்றன. பெண்ணாக இருந்தால் நல்லது. தெற்கிலிருந்து என்றால் இன்னும் நல்லது. தலைவரே பெயரைச் சொன்னால், ஏன் அனுப்புகிறார் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்த அம்மாவின் சொந்த ஒன்றியத்திலிருந்தே கோரிக்கை வந்தால் அழகாக இருக்கும். "ஒரு தீர்மானம் போடுங்க. 'எங்கள் மண்ணின் மகளை'ன்னு ஆரம்பிச்சா நல்லாருக்கும்."

நான் கேட்டேன். கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். "ஜெயிப்பாங்களாய்யா?"

"ஓட்டுக் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் சீனிராஜ். ஜெயிக்கிறதுக்கா நிக்கிறோம்? நிக்கிறதே ஒரு கவுரவம்." பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு பெரிய பதவிக்கு நின்னவங்க திரும்பி வந்து ரேஷன் கடையில அரிசியை மோந்து பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல. அந்தப் பதவிக்கே அது மரியாதை இல்ல." வாசல்வரை வந்து வழியனுப்பினார். வாசலில் வைத்துத்தான், "உங்க மாவட்டச் செயலாளருக்கு உடம்பு முடியலைபோல. அந்த எடத்துக்கு ஒரு ஆளு பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரம் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

தீர்மானம் போட்டோம். ஒருமனதாக. அடுத்த வாரம் பக்கத்து ஒன்றியங்கள், அப்புறம் மகளிர் அணி, அப்புறம் எல்லா மாவட்டங்களும். டெல்லியிலிருந்து யாரோ ஒருவர் 'பரிசீலிக்கத் தகுந்த பெயர்' என்றார். ஊரெல்லாம் அதே பேச்சு. நிற்கலாமா, கூடாதா? பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முகைதீன் நிற்கணும் என்பார். பக்கத்தில் பூக்கடைக்காரர் கூடாது என்பார். ஒருநாள் இரண்டு பேரும் கைகலப்புவரை போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயரை டெல்லிக்காரன் டிவியில் தப்பும் தவறுமாக உச்சரித்தான். வெடி போட்டோம்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. ஜெயக்கொடி தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஜெயிச்சா அக்கா டெல்லிக்குப் போயிருவாங்க. அப்புறம் நம்ம பக்கம் வர முடியாது. அப்படித்தான?"

"ஆமா. ஜனாதிபதின்னா சும்மாவா?"

"தோத்தா?"

"தோத்தாலும் பேரு."

"தோத்தா மந்திரியா இருப்பாங்களா?"

"அதெப்படி? ஜனாதிபதிக்கு நிக்கிறவங்க கட்சிக்கு அப்பாற்பட்டவங்களா இருக்கணும்ல. எல்லாத்தையும் ராஜினாமா பண்ணிட்டுத்தான் நிக்கணும்."

"அப்ப ஜெயிச்சாலும் போச்சு, தோத்தாலும் போச்சு. இதுக்குப் போயி வெடி போட்டீகளாக்கும்?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. ஒரு பொம்பளை அவ்வளவு உயரத்துக்குப் போறது ஒனக்குப் பொறுக்கலையா என்று கத்தினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். சட்டப்படி ராஜினாமா செய்ய வேண்டியதில்லையாம். அதை வக்கீலான அக்கா அப்புறம்தான் சொன்னார். ஆனால் தலைவர் எதிர்பார்த்தார். தலைவர் எதிர்பார்த்தால் அது சட்டம் மாதிரிதானே?

ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தார். போலீஸ் வண்டி, பி.ஏ. எல்லாரையும் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தார். ஜெயக்கொடி கொடுத்த மோரைக் குடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சீனி, எல்லாரும் நில்லுங்கிறாங்க. தலைவர் சொல்றார். டெல்லிக்காரங்க சொல்றாங்க. அவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கு, அது எனக்குப் புரியுது. ஒனக்கு ஒரு கணக்கும் இல்லை. நீ சொல்லு. நான் நிக்கணுமா, வேண்டாமா?"

"என்னக்கா என்னையப் போயி..."

"ஒன்னையத்தான் கேக்குறேன். நான் வேண்டாம்னு சொல்லிருவேன். சொல்ல முடியும். ஆனா என் சொந்த ஒன்றியமே தீர்மானம் போட்டிருக்கு. இப்ப நான் பின்வாங்குனா, தமிழ்நாட்டுக்கு வந்த பெருமையைத் தன் பதவிக்காக வேண்டாம்னுட்டாள்னு எழுதுவாங்க. அதனால கேக்குறேன். தெய்வநாயகம் ஒன்னையக் கூப்பிட்டாராமே? என்ன சொன்னார்?"

ஜெயக்கொடி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கீங்களான்னு கேட்டாருக்கா" என்றேன்.

பொய் இல்லை சார். அதையும் கேட்டார்தானே? நான்தான் உங்களுக்கு முதலிலேயே சொன்னேனே.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"காபி குடுத்தார்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பெரிய வக்கீல் அல்லவா, எத்தனை சாட்சிகளைப் பார்த்திருப்பார். ஆனால் என்னைச் சாட்சியாக அவர் பார்க்கவில்லை. அதுதான்... சரி, அதை விடுங்கள். "நில்லுங்கக்கா" என்றேன். "முதல்வருக்கு மேல, பிரதமருக்கு மேல. வந்த மரியாதையத் தட்டலாமா? ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" நன்றாகத்தான் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் மோர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "சரி, நீயும் சொல்லிட்ட" என்றார்.

நீங்கள் எதிர்க்கேள்வி கேட்கமாட்டீர்கள், ஆனால் மனத்தில் கேட்பீர்கள், தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? நான் யார் சார், ஒரு ஒன்றியச் செயலாளர். லாரி டிரைவர். என் ஒரு வார்த்தையிலா இந்தியாவின் ஜனாதிபதி தேர்தல் நிற்கப் போகிறது?

அமைச்சர் பதவி, எம்.எல்.ஏ. பதவி, கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு, மூன்றையும் ராஜினாமா செய்தார். சென்னையில் தலைவர் சால்வை போர்த்திக் கண் கலங்கினார். அந்தப் படமும் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அக்கா ஊர் ஊராகப் பறந்தார். லக்னோ, பாட்னா, போபால். எங்கே போனாலும் பூங்கொத்து கொடுத்தார்கள். ஓட்டு எண்ணிய அன்று டிவி முன்னால் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். தோற்பார் என்று தெரியும். அதில் ஒன்றும் இல்லை. மாநிலம் மாநிலமாக வாசித்துக்கொண்டு வந்தவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். எங்கள் கட்சிக்கு எத்தனை எம்.எல்.ஏ.க்களோ அத்தனை ஓட்டுகூட விழவில்லை. ரகசிய வாக்கெடுப்பு. யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஒருவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். முகைதீன் கொண்டுவந்து வைத்த டீயை யாரும் எடுக்கவில்லை.

அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கு ஓட்டே கிடையாது அந்தத் தேர்தலில்.

இடைத்தேர்தல் வந்தது. அக்கா தொகுதியில் கல்குவாரி வைத்திருக்கும் ஒருவரை நிறுத்தினார்கள். நான்தான் பிரசாரத்துக்குப் பொறுப்பு. ஜெயிக்க வைத்தேன். மாவட்டச் செயலாளர் பதவி குவாரிக்காரரின் மச்சானுக்குப் போயிற்று. எனக்குத் துணை. தெய்வநாயகத்துக்குப் போன் செய்தேன். "தம்பி, துணையும் பெரிய பொறுப்புதான்" என்றார். முன்பு பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அன்று தம்பி என்றார். அவரைவிட நான் மூத்தவன்.

அரிசி மறுபடி பழையபடி ஆகிவிட்டது. ஜெயக்கொடி அதைக் களையும்போதெல்லாம் நான் வீட்டில் இருந்தால் சத்தமாகக் களைவாள்.

அக்கா ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். மறுபடி கோர்ட்டுக்குப் போகிறார். சாத்தூருக்கும் மதுரைக்கும் பஸ்ஸில். கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் எல்லாரும் பேசி ஏதாவது செய்திருப்போம். கேட்கவில்லை. அதுதான் அவரிடம் ஒரு குறை, கேட்கமாட்டார். கல்யாண வீடுகளில் என்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவருதான் அந்தக் குதிரை வண்டி போஸ்டர்" என்கிறார்கள். சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஒருமுறை சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அக்கா. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நல்லவிதமாகத்தான் அசைத்தார். நான் ரசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன். திட்டியிருந்தால் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். அவர் திட்டமாட்டார் சார். அதுதான் பிரச்சினை. இரண்டு வருஷமாக நான் கடைத்தெருவுக்குச் சுற்றிப் போகிறேன். அவர் வீட்டு வழியாகப் போனால் ஐந்து நிமிடம்தான்.

ஏன் பஸ் நிற்கிறது? அட, ரயில்வே கேட். போச்சு. இந்தக் கேட்டில் மாட்டினால் சரக்கு ரயில் ஒன்று போய், எதிரே இன்னொன்று வந்த பிறகுதான் திறப்பான். பேச்சில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டேன். கேட் தாண்டினால் அடுத்தது வெள்ளூரணி. ஃபேன்கூட இல்லை. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பேப்பர், சார், பேப்பர். இறக்கிவிட்டீர்களே. அவரும் எழுந்துவிட்டார். திரும்புகிறார். என்னைப் பார்த்துவிட்டார். இல்லை, பேப்பர் வேண்டாம், விடுங்கள், இனிமேல் எதற்கு?

வாங்கக்கா. வணக்கம்க்கா. உக்காருங்க. இல்ல, நான் எந்திரிக்கிறேன், நீங்க உக்காருங்க.

போய்விட்டார். தன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள், நாகரிகமானவர். வெளியே வெள்ளரிக்காய்க்காரி போட்ட கூச்சலில் உங்களுக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. கேட்டதா? எதுவரைக்கும் கேட்டது?

நான் எழுந்து நின்றேன் அல்லவா, என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "என்ன சீனி, திருமங்கலத்துலேர்ந்து செருப்பையே பார்த்துட்டு வர்ற. அறுந்துருச்சா?" என்றார். அப்போதே பார்த்துவிட்டார் சார். இவ்வளவு நேரம் தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். என்னை என் பாட்டுக்கு விட்டுவிட்டு.

"ஜெயக்கொடி சவுக்கியமா?" என்றார். சவுக்கியம் என்றேன். அப்புறம் சொன்னார்: "பேரூராட்சித் தேர்தல்ல நம்ம வார்டுல நான் சுயேச்சையா நிக்கிறேன். அந்தச் சாக்கடையையும் தண்ணியையும் பார்க்க ஒரு ஆள் வேணும்ல. வீடு வீடாத்தான் கேட்டுட்டு வர்றேன். ஒங்க வீட்டுக்கும் வந்தேன், நீ இல்லை. ஜெயக்கொடி ஓட்டு எனக்குத்தான்னுட்டா. ஒன் ஓட்டை ஒன்கிட்டதான கேக்கணும்?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடு முழுக்க ஓட்டுக் கேட்டவர். எங்கள் தெருவில் மொத்தம் எத்தனை வீடு இருக்கும்? அதில் ஒரு ஓட்டுக்கு, பஸ்ஸில் எழுந்து வந்து, என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். கண்ணைப் பார்த்துக் கேட்டார். பெருசாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. போடுகிறேன் என்று சொன்னால் போதும். போடாமல்கூட இருந்துகொள்ளலாம், யாருக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? வாயில் வந்துவிட்டது சார், 'ஒங்களுக்குப் போடாம யாருக்குக்கா' என்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்சீட்டில் அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவன் குவாரிக்காரருடைய ஆள் மாதிரி இருந்தான். இல்லாமலும் இருக்கலாம்.

"தலைமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். "சரி, கேளு" என்றார். போய்விட்டார்.

நான் சொன்னதில் என்ன தப்பு? ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்களா? சரி, பேப்பரைப் படியுங்கள்.

கேட் திறந்துவிட்டதா? இன்னும் இல்லையா? நல்லது. என் பையை எடுத்துக் கொடுங்கள், உங்கள் காலடியில் இருக்கிறது. நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். ஊர் இங்கிருந்து நடக்கிற தூரம்தான், தண்டவாளத்தை ஒட்டியே போய்விடலாம். வெயிலா? பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரும் நானும் ஒரே படியில் இறங்க வேண்டாம். முகைதீன் கடையில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு உதவி சார். அவர் எழுந்து திரும்பிப் பார்த்து, சீனி எங்கே என்று கேட்டாலும் கேட்பார். கேட்கிறவர்தான். போன் வந்தது, பேசுவதற்காக இறங்கினார் என்று சொல்லுங்கள். யாரிடமிருந்து என்று கேட்கமாட்டார். கேட்டால், தலைமையிலிருந்து என்று சொல்லிவிடுங்கள்.